கீழ் அம்புக்குறிக்கு இரண்டு தட்டு

பாசிடிவ் என்று இருக்கிறது. இல்லை, நான் நெகட்டிவ் என்றுதான் அடித்தேன். ரத்த வகை ஓ நெகட்டிவ். லேப் டெக்னீசியன் நம்பிராஜன் சார் நெகட்டிவ் ரத்தத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதுவார், பிரசவ ஆஸ்பத்திரியில் அது முக்கியம் என்று அவராக வைத்துக்கொண்ட பழக்கம், என் இடது கை ஆள்காட்டி விரல் அந்தச் சிவப்பு வரியின் மேல்தான் இருக்கிறது. வலது கை கீழ் அம்புக்குறியை இரண்டு தட்டுத் தட்டியது, டக் டக், சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் ஸ்கிரீனில் பாசிடிவ். ஸ்கிரீனை நான் பார்த்திருக்கவே மாட்டேன். எனக்கு அந்த வழக்கமே கிடையாது, இந்த சிஸ்டத்தில் அடித்தது ஸ்கிரீனில் வர ஐந்து எண்ணுகிற நேரம் ஆகும், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கவுண்ட்டர் வரிசை கேட் வரைக்கும் போய்விடும், அதனால் கண் ரிஜிஸ்டரில், கை கீபோர்டில், அப்படித்தான் பதினோரு வருஷமாக. இன்றைக்கு ஃபேன் காற்றில் ரிஜிஸ்டர் தாள் புரண்டது, பிடிக்கப் போன இடத்தில் கண் மேலே போய்விட்டது, அவ்வளவுதான். சரி, விரல் வழுக்கியிருக்கும். மறுபடி டக் டக். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பாசிடிவ். என்னடா இது. இந்தத் தடவை ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து எண்ணினேன். நெகட்டிவ் வந்தது. இன்னொரு தட்டு. ஐந்து. பாசிடிவ் வந்துவிட்டது. அந்தப் பெட்டிக்குள் இருப்பதே இரண்டு வரிதான், மேலே பாசிடிவ், கீழே நெகட்டிவ், கீழே இருந்து இன்னும் கீழே போகச் சொன்னால் சுற்றிக்கொண்டு மேலே வந்துவிடும், இது எனக்குத் தெரியும், முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தட்டுக்கு ஒரு இறக்கம். இரண்டு தட்டுக்கு இரண்டு இறக்கம். அப்படியானால் இந்த வாரம் வந்த புது கீபோர்டு சரியாக வேலை செய்கிறது. அதுதான் விஷயம். அது சரியாக வேலை செய்கிறது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று எட்டு.

பழையதில் இரண்டு தட்ட வேண்டும். அது ஊருக்கே தெரிந்த விஷயம், ஊர் என்றால் இந்த ரிப்போர்ட் கவுண்ட்டரும் பக்கத்து லேபும். பழையதில் ஸ்பேஸ் கட்டையை வலது ஓரத்தில்தான் அமுக்க வேண்டும், இடது ஓரத்தில் அமுக்கினால் கிடுகிடு என்று ஆடுமே தவிர இடைவெளி விழாது. என்டர் உள்ளே போனால் வெளியே வராது, நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். பக்கத்து அறையில் ரத்தம் வைக்கிற ஃபிரிட்ஜ் மோட்டார் ஓட ஆரம்பித்தால் எண்களுக்கான நம்லாக் விளக்கு தானாக அணைந்துவிடும், ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டதும் என் விரல் தானாகப் போய் அதைப் போட்டுவிட்டு வரும், எதிரே இருக்கிற ஆளிடம் வயசு கேட்டுக்கொண்டிருக்கும்போதே. ஸ்கிரீன் ஊதா நிறத்துக்குப் போனால் அதன் இடது கன்னத்தில் ஒரு அடி. கீழ் அம்புக்குறி இருக்கிறதே, அது ஒரு தனிக் கழுதை. 2017-இல் கெட ஆரம்பித்தது, முதலில் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் மக்கர் பண்ணும், காலையில் ஒரு தட்டில் இறங்கும், சாயங்காலம் இரண்டு தட்டினால்தான் இறங்கும். அதோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி ஒரு நாள் நானே முடிவு கட்டினேன், இனிமேல் எப்போதும் இரண்டு தட்டு, பேச்சே கிடையாது. அதற்குப் பிறகு தொல்லை இல்லை. நான் லீவு போட்ட நாளில் வந்து உட்கார்ந்த ஒரு பிள்ளை மத்தியானத்துக்குள் அழுதுவிட்டதாம், புஷ்பக்கா சிஸ்டத்துல மனுசி உக்கார முடியாது என்று. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொன்னால் ஆண்டவருக்கு அடுக்காது. ஒப்பந்த வேலை, பெயர்ப் பலகை கூட இல்லை, ஆனால் எஸ்தர் ராஜபுஷ்பம் இல்லாமல் இந்த மிஷின் நகராது. வீட்டில் கூட எல்லாம் இரண்டு தட்டுத்தான், அடுப்பு லைட்டர், மிக்ஸி, வாசல் பெல். எம்மா, ஒரு தடவ அமுக்கினா அதுக்குக் கேக்கும், ஏம் ரெண்டு தடவ அமுக்குத என்று மகள் கேலி பண்ணுவாள். சிரித்திருக்கிறேன். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை. திங்கட்கிழமை பதினொரு மணிக்குத்தான் புது கீபோர்டு வந்தது. இரண்டு வருஷமாக நான் எழுதிய கடிதங்கள், ஐந்தோ ஆறோ, அதற்குப் பிறகுதான் மாவட்ட ஆபீசில் இருந்து ஒரு தம்பி அட்டைப்பெட்டியோடு வந்து மாட்டிவிட்டுப் போனான். ஸ்தோத்திரம் என்று சொன்னேன், வாய்விட்டுச் சொன்னேன், லேபில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். எழுத்தெல்லாம் பளிச்சென்று, ஸ்பேஸ் கட்டையை எங்கே தொட்டாலும் விழுகிறது, என்டர் தானாக மேலே வருகிறது. என்டரை நகத்தால் நெம்புகிற பழக்கம் அன்றைக்கே போய்விட்டது, ஏனென்றால் நெம்ப அங்கே ஒன்றும் இல்லை. கீழ் அம்புக்குறி மட்டும் ஏன் போகவில்லை. ஏன் என்றால் அது அடிக்கடி வராது. நூறு பேரில் ஐந்து பேருக்குத்தான் நெகட்டிவ், பாசிடிவ் தானாகவே மேலே நிற்கும், அதைத் தொடவே வேண்டாம், தொட வேண்டிய அந்த ஐந்து பேருக்கு மட்டும் விரல் தூக்கத்தில் போகிற மாதிரி போய் டக் டக். அப்படியானால் திங்கட்கிழமை பதினொரு மணியில் இருந்து. இல்லை, அதற்கு மேல் நினைக்காதே, முதலில் எண்ணு. ரிஜிஸ்டரைப் பின்னால் புரட்டினேன். என் கை தாளை எச்சில் தொட்டு ஒழுங்காகப் புரட்டியது. சிவப்பு ஒன்று, நேற்று. சிவப்பு இரண்டு, அதுவும் நேற்று. செவ்வாய் இரண்டு. எல்லாம் செக்கப்புக்கு வந்த பெண்கள், நான்காம் மாசம், ஆறாம் மாசம், இரண்டாம் மாசம், நேரம் இருக்கிறது, கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், மாற்றிக் கொடுத்துவிடலாம். மூச்சு கொஞ்சம் வந்தது. திங்கள், பன்னிரண்டே காலுக்கு எழுதியது, சிவப்பு. இசக்கியம்மாள், வயது இருபத்திமூன்று, பி நெகட்டிவ், வலியோடு வந்து சேர்ந்த கேஸ். அன்றைக்கே மூன்று பத்துக்குப் பிரசவம், ஆண் பிள்ளை. எனக்கு எப்படி நேரம் வரைக்கும் ஞாபகம் என்றால் பிறப்புப் பதிவையும் நான்தான் அடித்தேன். மூன்று பத்து. திங்கள் மூன்று பத்தில் இருந்து செவ்வாய் மூன்று பத்து, புதன் மூன்று பத்து, வியாழன் மூன்று பத்து. எழுபத்திரண்டு மணி நேரம். இன்றைக்கு வியாழன்.

எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஒரு ஊசி. நான் நர்சுக்குப் படிக்கவில்லை, ஆனால் பதினோரு வருஷம் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் சுவருக்கே தெரிந்துவிடும். அம்மாவுக்கு நெகட்டிவ், பிள்ளைக்குப் பாசிடிவ் என்றால் பிரசவம் ஆன மூன்று நாளைக்குள் அம்மாவுக்கு ஆன்டி-டி போட வேண்டும். போடாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது, காய்ச்சல் வராது, வலி வராது, சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். அடுத்த பிள்ளையைத்தான் அவள் உடம்பே சேர்த்துக்கொள்ளாது. இன்னும் உருவாகவே இல்லாத ஒரு பிள்ளை, இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து வரப்போகிற பிள்ளை, அதை நான் திங்கட்கிழமை பன்னிரண்டே காலுக்கு விரலால் தட்டிவிட்டேன். செண்பகவல்லி ஞாபகம் வந்தது. போன ஆடியில் வந்தவள். முந்தைய பிரசவங்கள் என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் எண் அடிக்கக் கேட்டபோது மூணு என்றாள், உயிரோடு இருக்கிறவை என்று அடுத்த பெட்டி, ஒண்ணு என்றாள். முதல் பிள்ளை மட்டும் நின்றது, இங்கேயேதான் பிறந்தது. பிறகு இரண்டும் ஏழாம் மாசத்தில், ஒன்று வயிற்றிலேயே, ஒன்று வெளியே வந்து ஒரு ராத்திரி. மொதப் பிரசவத்துல ஊசி போடலியாம்மா என்று கேட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லலக்கா என்றாள், அதைக் கூட ஒரு குறையாகச் சொல்லவில்லை, பஸ் வரவில்லை என்று சொல்லுகிற மாதிரி சொன்னாள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, எந்தப் பாவி கவனிக்காம விட்டாளோ, இவளுவளுக்கெல்லாம் எதுக்கு வெள்ளை உடுப்பு என்று வார்டுக்காரர்களைத் திட்டித் தீர்த்தேன். இப்போது இசக்கியம்மாள். இல்லை, அதை விட மோசம். அவள் புருஷன். அவன் வந்து கேட்டான். ஆண்டவரே, அவன் வந்து கேட்டான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், உச்சிமாகாளி, டிராக்டர் ஓட்டுகிறவன், துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இந்தக் கண்ணாடி ஓட்டைக்குள் குனிந்து கேட்டான். யக்கா, கோவிச்சுக்கிடக் கூடாது. எம் பொஞ்சாதிக்கு நெகட்டிவ் ரத்தம்னு எங்கூரு நர்சம்மா சொன்னாவ, பிள்ள பொறந்ததும் ஒரு ஊசி போடணும்னும் சொன்னாவ, இங்க வார்டுல அப்படி இல்லங்காவ. கார்டு இருக்கா தம்பி என்று கேட்டேன். இருக்குக்கா, வரும்போது மழையில நனஞ்சிட்டு என்று நீட்டினான், ரத்த வகை எழுதிய இடத்தில் நீலமாக ஒரு கறைதான் இருந்தது. நான் என்ன சொன்னேன். தம்பி, இது கம்ப்யூட்டர்ல வந்தது, கம்ப்யூட்டர் தப்புச் சொல்லாது என்று சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன், பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிற மாதிரி. சரிக்கா, நீங்க சொன்னாச் சரி என்று போய்விட்டான். ரிஜிஸ்டர் என் முழங்கைக்குக் கீழே இருந்தது. இரண்டு தாள் புரட்டியிருந்தால் போதும்.

யக்கா, எவ்வளவு நேரமா நிக்கேன், அடிக்கவே மாட்டேங்கீங்க என்று கண்ணாடிக்கு வெளியே ஒரு குரல். பச்சைச் சேலை. இருங்கம்மா, சிஸ்டம் மாட்டிக்கிட்டு என்றேன், என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, வாயும் விரல் மாதிரித்தான். பதினொன்று பதினாறு. எட்டு நிமிஷமா இப்படி உட்கார்ந்திருக்கிறேன். வார்டுக்குப் போன் பண்ணு. வார்டு இன்டர்காம் போன மழையில் செத்தது, இன்னும் எடுக்கவில்லை. உச்சிமாகாளிக்குப் பண்ணு. நம்பர் பெட்டியைப் பார்த்தேன். ஒன்பது ஒன்பது ஒன்பது, பத்து ஒன்பது. நான் போட்டதுதான். நம்பர் தெரியாத ஆளுக்குப் பத்து ஒன்பது போட்டால்தான் அடுத்த பெட்டிக்கு விடும், எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம், போன் வீட்டில சார்சுல கெடக்குக்கா, நம்பர் மனப்பாடம் இல்ல என்று அவன் சொன்னான், நானும் டடடட என்று அடித்துவிட்டேன். இன்றைக்கு டிஸ்சார்ஜ். காலையில் வந்த டிஸ்சார்ஜ் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தேன். தாய்மாரையும் பிள்ளைகளையும் ஊரில் கொண்டுபோய் விடுகிற வேன் பதினொன்றரைக்குக் கிளம்பும். எழுந்திரு. எழுந்திரு புஷ்பம். கால் எழவில்லை. பதினோரு வருஷம், இந்த மார்ச்சில் நிரந்தரம் ஆக்குகிறதாகப் பேச்சு, பைல் போயிருக்கிறதாம், இந்த நேரத்தில் நான் போய் நானே தப்பாக அடித்தேன் என்று சொன்னால். கீபோர்டு மாறியதால் என்று சொன்னால் யார் நம்புவார்கள். கீபோர்டு கெட்டதால் தப்பு வந்தது என்றால் நம்புவார்கள், நல்ல கீபோர்டு வந்ததால் தப்பு வந்தது என்று எந்த விசாரணையில் போய்ச் சொல்ல. சிரித்துவிடுவார்கள். அப்புறம் இன்னொன்றும் நினைத்தேன், நினைக்கவில்லை என்றால் பொய். இப்போது உள்ளே போய் அந்த ஒரு எழுத்தை மாற்றிவிட்டால். ஒரு தட்டு. வேன் போய்விடும், அவர்கள் ஊர் மூன்று மணி நேரம், இரண்டு வருஷம் கழித்து எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் ஏதோ ஆகும், இங்கே கம்ப்யூட்டரில் பார்த்தால் நெகட்டிவ் என்றுதான் இருக்கும், வார்டில்தான் ஊசி போட மறந்தார்கள் என்று ஆகிவிடும். பொற்கொடி சிஸ்டர்தான் வார்டில். பிள்ளைகளுக்கு ராத்திரியெல்லாம் பாட்டுப் பாடுகிற பொற்கொடி. எந்தப் பாவி விட்டாளோ என்று என்னைப் போல ஒருத்தி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து திட்டுவாள். வெளியே வேன் ஹாரன் கேட்டது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. டிரைவரும் இரண்டு தட்டுக்காரன் என்று நினைத்தேன், அந்த நேரத்திலும் இப்படி ஒரு நினைப்பு, அதற்குள் நான் எழுந்துவிட்டிருந்தேன்.

ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது லேபை விட்டு வெளியே போகக் கூடாது, புஷ்பம்மா ரிஜிஸ்டர், ரிஜிஸ்டர் என்று நம்பிராஜன் சார் பின்னாலேயே வந்தார். சார், நான் மாத்தி அடிச்சிட்டேன், இசக்கியம்மாளுக்கு நெகட்டிவ் என்று ஓடிக்கொண்டே சொன்னேன், அவர் நின்றுவிட்டார், பிறகு அவரும் ஓடி வந்தார். நாற்பத்திநான்கு வயசில் நான் ஓடியது கிடையாது, செருப்பு ஒன்று மருந்து கவுண்ட்டர் பக்கம் கழன்றுவிட்டது, தரை குளிர்ச்சியாக இருந்தது, பினாயில் வாடை. வேன் பின்பக்கம் கதவு சாத்தியாகிவிட்டது, கேட்டுக்கு நேராகத் திரும்பிக்கொண்டிருந்தது, கையால் அதன் பக்கத்துத் தகரத்தில் அடித்தேன், டம் டம். டிரைவர் தலையை நீட்டினார். யம்மா, உள்ள பச்சப் பிள்ளைய கெடக்கு, இந்த அடி அடிக்கீங்க. இசக்கியம்மா யாரு, இசக்கியம்மா எறங்கணும் என்றேன், குரல் கீச்சென்று வந்தது. கதவைத் திறந்து உச்சிமாகாளிதான் முதலில் இறங்கினான், கையில் பிளாஸ்க்கும் கூடையும். என்னக்கா, எதும் மறந்து வச்சிட்டுப் போறமா? அந்த ஊசி போடணும் தம்பி. ஒம் பொஞ்சாதிக்கு நெகட்டிவ்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவன் குழம்பிப்போய்தான் நின்றான். நீங்கதானக்கா கம்ப்யூட்டர் தப்புச் சொல்லாதுன்னீங்க? கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லல தம்பி, நான்தான் தப்பா அடிச்சேன், நீ வந்து கேட்டப்பயாவது பாத்திருக்கணும், பாக்கல என்றேன். வேனுக்குள் எல்லோருக்கும் கேட்டது. இசக்கியம்மாள் பிள்ளையை மாராப்பில் மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள், சின்ன முகம், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஊசி எம் பிள்ளைக்கா? ஒனக்குத்தாம்மா, இவனுக்கு ஒண்ணுமில்ல, அடுத்த பிள்ளைக்குத்தான் இந்த ஊசி. அடுத்ததா, நல்லா இருக்கே, இவன் வந்த பாடே போதும்னு கெடக்கேன் என்றாள், வேனில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள், ஒரு கிழவி அவள் முதுகில் தட்டி எறங்குத்தா, நாளைக்கு நெனச்சுக்கிடுவ என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது என்று நினைத்தேன், முகத்தைத் தொட்டுப் பார்த்தால் ஈரமாக இருந்தது.

பிள்ளையின் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்து நம்பிராஜன் சார் பார்த்தார், பி பாசிடிவ், பொற்கொடி சிஸ்டர் ஃபிரிட்ஜில் இருந்து மருந்தை எடுத்தாள், பன்னிரண்டு ஐந்துக்கு ஊசி போட்டாகிவிட்டது. இன்னும் மூணு மணி நேரம் மிச்சம் இருக்குக்கா, போயித் தண்ணி குடிங்க என்றாள். பெரிய டாக்டர்ட்ட நான் சொல்லியாகணும் புஷ்பம்மா என்று நம்பிராஜன் சார் சொன்னார். சொல்லுங்க சார், நானே எழுதியும் தாரேன் என்றேன். மற்ற நான்கு பேருக்கும் அவர் போன் போடப் போனார். நான் ஒரு காலில் செருப்போடு வந்து சீட்டில் உட்கார்ந்தேன். பச்சைச் சேலை இன்னும் நின்றது. இசக்கியம்மாள் பக்கத்தைத் திறந்து திருத்தப் போனேன், கீழ் அம்புக்குறி, டக் டக். தட்டிவிட்டது. தெரிந்தும் தட்டிவிட்டது, இவ்வளவு ஓடியும், இவ்வளவு அழுதும், விரலுக்கு ஒரு செய்தியும் போய்ச் சேரவில்லை. ஐந்து எண்ணினேன், பாசிடிவ். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். இடது கை இந்த வேலைக்கு வந்ததே இல்லை, அதற்கு ஒன்றும் தெரியாது, அதன் ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நெகட்டிவ். காலையில் பாதியில் விட்ட ஓ நெகட்டிவையும் அப்படியே ஒரு தட்டில் திருத்தினேன். அப்பாடா என்று இருந்தது. பழையதில் இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, மேசைக்கு அடியில்தான் கிடக்கிறது, எடுத்து மாட்டிவிட்டால் என்ன என்று குனிந்தேன், குனிந்த இடத்திலேயே இருந்தேன். பழையது. பழையதும் எடுத்த எடுப்பிலேயே இரண்டு தட்டுக்காரன் இல்லையே. முதலில் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் மக்கர் பண்ணும். காலையில் ஒரு தட்டில் இறங்கும். நான்தானே எப்போதும் இரண்டு என்று முடிவு கட்டினேன். அப்படியானால் அது வேலை செய்த காலைகளில்? ஒரு தட்டிலேயே இறங்கின நாட்களில் நான் இரண்டு தட்டியிருந்தால்? நான் ஸ்கிரீனைப் பார்த்ததே இல்லை.

நிமிர்ந்து நம்பிராஜன் சாரிடம் பழைய ரிஜிஸ்டர் பீரோ சாவி கேட்டேன். எந்த வருஷம் என்றார். 2017 சார் என்றேன். எதுக்கு என்று கேட்டுக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டார். பீரோவுக்குள் பாச்சா உருண்டை வாடை, ரிஜிஸ்டர்களுக்கு வருஷம் போட்டு அட்டை ஒட்டியிருந்தது. வேறு யார் பெயரையும் நான் தேடவில்லை. மூத்தவ பொறந்தது ரெண்டாயிரத்துப் பதினேழு ஐப்பசில என்று போன ஆடியில் அவள் சொன்னது ஞாபகம் இருந்தது, ஐப்பசி என்றால் அக்டோபர் பாதியில் இருந்து, தாள் மஞ்சளாகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது, எச்சில் தொட்டுப் பிரித்தேன். நவம்பர் இரண்டு. செண்பகவல்லி, வயது இருபது, ஏ நெகட்டிவ். சிவப்பு மை இத்தனை வருஷத்தில் கொஞ்சம் கூட மங்கவில்லை. அந்தத் தாளைத் திறந்தபடி கொண்டுவந்து மேசையில் வைத்தேன், பச்சைச் சேலை, யக்கா ரிப்போர்ட் வந்துட்டா என்றாள், இன்னா தாரேம்மா, ஒரு நிமிசம் என்றேன். பெயரைத் தேடல் பெட்டியில் இடது கையாலேயே ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். தேதி அடித்தேன். நேரம் காலை ஒன்பது இருபது என்று வந்தது, காலை, பதிவு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர் முழுசாக வந்தது, ரத்த வகைப் பெட்டி கடைசியில் நிரம்பியது. இந்த சிஸ்டத்தில் வந்து சேர நேரம் ஆகும், உடனே நம்பக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபடியும் முதலில் இருந்து எண்ணினேன். பாசிடிவ் என்றுதான் இருக்கிறது.